துறைமுகத்து மருந்துக்காரியின் ‘அவர்’

பிப்ரவரி 9

துறைமுக அத்தியாயத்தை இன்று முடித்துக் கொடுத்தேன். மாதக்கணக்கில் கணினியில் ஆடும் இந்த ஜப்பானியக் கப்பல் விளையாட்டோடுதான் குடித்தனம். எட்டுத் தீவு, எட்டு வீரர்கள், வாய் ஓயாத ஒரு ஆமை. எல்லாரையும் தமிழில் பேச வைப்பது என் பிழைப்பு.

மூலத்தை எழுதியவர்கள் பெரிய குறும்புக்காரர்கள். இரண்டாம் தீவின் கல்லறைகளில் தங்கள் வீட்டுப் பூனைகளின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கோட்டை நிலவறையில், ஒரு மேசைக்கு அடியில் கடவுள் தூங்குகிறார். எழுப்பினால், “இன்னும் முடியல, நாளைக்குத் தரேன்” என்கிறார். அது இயக்குநரேதான் என்று எடிட்டர் சொன்னார். அவர்கள் ஒளித்து வைக்கலாம், நான் வைக்கக் கூடாதா?

துறைமுகத்தில் மருந்து விற்கும் பெண்ணுக்கு மூலத்தில் உப்புச் சப்பில்லாத இரண்டு வரி. அவளுக்கு அக்காவின் வாயைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் அக்கா வாடிக்கையாளர்களிடம் பேசுவாளே, அதே மாதிரி. “தப்பா எடுத்துக்காதீங்க, விலை ஏறியிருக்கு. நான் ஏத்தல. தப்பா எடுத்துக்காதீங்க.” வீரர்கள் கடையை விட்டுக் கிளம்பும்போது இன்னொன்று: “கதவைச் சாத்திடாதீங்க, அவர் வந்துருவாரு.”

மதியம் சாப்பாட்டு மேசையில் அக்கா குரலிலேயே வாசித்துக் காட்டினேன். எடிட்டருக்குப் புரையேறிவிட்டது. அது யாருடைய பேச்சு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நல்ல நாள்.

மே 21

விளையாட்டு வெளியாகிவிட்டது. அக்கா இனிப்பு வாங்கி வந்தாள். “என் தம்பி எழுதினது”ன்னு கடை முழுக்கச் சொல்லியாச்சாம். நான் எழுதவில்லை, மொழிபெயர்த்தேன் என்றேன். “தப்பா எடுத்துக்காத, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள்.

மே 29

மருந்துக்காரி பிரபலமாகிவிட்டாள். ஊர்பேர் தெரியாத பிள்ளைகளெல்லாம் அவள் குரலில் பேசி வீடியோ போடுகிறார்கள். அலுவலகத்தில் என் முதுகைத் தட்டாதவர் பாக்கியில்லை. வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. ஏன்? பெருமைப்படுகிற விஷயம்தானே?

ஜூன் 3

இந்த விளையாட்டின் ரசிகர்களில் ஒரு கூட்டம், கைவிடப்பட்ட விஷயங்களைத் தோண்டுவதற்கென்றே இருக்கிறது. சுவருக்குப் பின்னால் மறந்துபோன அரைகுறைத் தீவு, யாரும் ஏற முடியாத கலங்கரை விளக்கம், உபயோகிக்காமல் விட்ட பாட்டு. இப்போது அவர்கள் கையில் என் வரி. மருந்துக்காரியின் ‘அவர்’ யார்? மூலத்தில் ஒரு கணவன் இருந்திருக்க வேண்டும், கடைசி நேரத்தில் வெட்டிவிட்டார்கள் என்று அம்பு அம்பாகக் கோடு போட்டு விளக்குகிறார்கள். அவன்தான் முகமூடிக் கொள்ளைக்காரன் என்கிறது ஒரு கட்சி.

எடிட்டர் கூப்பிட்டுக் கேட்டார், ஜப்பானிய வரியில் ‘அவர்’ எங்கே இருக்கிறது என்று. பழைய கோப்பு ஒன்றில் கணவனைப் பற்றிய குறிப்பு பார்த்த ஞாபகம் என்றேன். ஞாபகமாம். கண் இமைக்காமல் சொன்னேன். ஜப்பானுக்கே எழுதிக் கேட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 7

ஒரு வீடியோவின் கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: “இவ வாய்க்குப் பயந்துதான் புருஷன் ஓடியிருப்பான்.” அதற்குக் கீழே சிரிப்பு, சிரிப்பு, சிரிப்பு. விரலால் தள்ளத் தள்ளத் தீரவில்லை.

அத்தான் வேலை விஷயமாகப் போகிறேன், ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்று கிளம்பிப் போய் ஆறு வருடம் ஆகிறது. துணைக்கு இருக்கட்டும் என்று அக்கா என்னை அழைத்துக்கொண்டாள். பெட்டியோடு நான் உள்ளே நுழைந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். “கதவைச் சாத்திடாதடா, அவர் வந்துருவாரு.” அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அது எப்போது எனக்கு ஜோக்காக மாறியது? எந்த நாளில்?

ஜூன் 10

வேலை முடிந்து வந்தபோது வெளிக்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பொழுது இன்னும் சாயவில்லை. படுக்கப் போகும்வரை அந்தத் தாழ்ப்பாளை அவள் தொட்டதே கிடையாது. தட்டினேன். திறந்தாள்.

சாப்பிடும்போது கவனித்தேன். ஒரு தடவைகூட ‘தப்பா எடுத்துக்காத’ வரவில்லை. பேச வாயெடுக்கிறாள், நிறுத்துகிறாள், வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே விடுகிறாள். என் எதிரில். என் வீட்டில்— இல்லை, அவள் வீட்டில்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறென்ன.

ஜூன் 11

மூக்குக் கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். லென்ஸ் தேய்க்கிற பெண் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். “சார், நான்தான் அந்த வீடியோவை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்படியே அக்கா சார். அக்காவே சிரிச்சாங்க.”

சிரித்தாளாம்.

கவுன்ட்டரில் அக்கா ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “பவர் கூடியிருக்கு.” அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தப் பெரியவருக்கே அது சுருக்கென்று பட்டிருக்கும்போல, முகம் வாடிப்போனது. நான் திருகைப் போடாமலே வந்துவிட்டேன்.

ஜூன் 12

இன்றும் பேசவில்லை. கோழை.

ஜூன் 14

ஞாயிறு. துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். வார்த்தைதானே என் தொழில். ஒன்றும் வரவில்லை. “அக்கா, அந்த மருந்துக்காரி—” என்றேன்.

“பார்த்தேன்” என்றாள்.

சொல்லச் சொல்ல உளறினேன். அந்த விளையாட்டில் எல்லாருமே இப்படித்தான் வேண்டியவர்களை ஒளித்து வைப்பார்கள், பூனைகூட இருக்கிறது, அது ஒரு அன்புதான்... பூனையைப் பற்றி ஏன் சொன்னேன்? கடவுளே.

அவள் என் சட்டையைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து அடுக்கில் வைத்தாள்.

“எழுதினது கிடக்கட்டும்டா. எழுதும்போது நீ சிரிச்சியா?”

பொய் சொல்லியிருக்கலாம். எடிட்டரிடம் வந்தது இவளிடம் வரவில்லை. ஆமாம் என்றேன்.

“வேற யார்லாம் சிரிச்சாங்க?”

சாப்பாட்டு மேசையைச் சொன்னேன். அவள் குரலில் நான் வாசித்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அதையும் ஒருநாள் யாராவது அவளுக்குப் போட்டுக் காட்டுவார்கள்.

தலையை ஆட்டினாள். துணி அடுக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபித்திருந்தால், ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 17

எடிட்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறிப்பு எதுவும் இல்லை, ‘அவர்’ நான் சேர்த்தது, அது என் அக்கா, அந்த வரிகளை எடுத்துவிடுங்கள் என்று. ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். ரசிகர்களுக்குப் பிடித்த வரி, விளம்பரப் படத்தில்கூடப் போடலாம் என்று மேலே பேச்சு நடக்கிறதாம். பிறகு சொன்னார்: “அன்னைக்கு நானும்தானே சிரிச்சேன்.” எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். இனி நான் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் மூலத்தோடு சரிபார்க்கப்படும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

கிளம்பும்போது ஜப்பானிலிருந்து வந்த பதிலைக் காட்டினார். கணவன் என்று ஒருவன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் மருந்துக்காரியைப் பற்றி ஒரு கைவிட்ட யோசனை உண்டாம். ஒன்பதாவது வீரராக அவள் கப்பலில் ஏறுவதாக இருந்திருக்கிறது. மருந்து தெரிந்தவள், காற்றுத் திசையும் தெரிந்தவள். இடம் போதாமல் விட்டுவிட்டார்கள். அவளுக்காக எழுதிய ஒரே ஒரு வரி கோப்பில் மிச்சம் இருந்ததை அனுப்பியிருக்கிறார்கள். தமிழில் இப்படி வரும்: “கடையை மூடிட்டேன். கயித்தை அவிழ்த்து விடுங்க.”

படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவை முன்பின் பார்த்திராதவர்கள் அவளைக் கடலுக்கு அனுப்ப நினைத்திருக்கிறார்கள். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த நான் அவளை வாசலைப் பார்த்து நிற்க வைத்திருக்கிறேன். அதற்கு ஆள் சேர்த்துச் சிரித்தும் இருக்கிறேன்.

ஜூன் 26

வரிகளை எடுத்தாயிற்று. நிலைமை இன்னும் மோசம். ஏன் எடுத்தார்கள், எதை மறைக்கிறார்கள் என்று ஒரே கூச்சல். பழைய வரிகளைப் படம் பிடித்துப் பத்திரப்படுத்துகிறார்கள். இனி அது அழியாது. கைவிடப்பட்டவற்றின் வரிசையில் அக்காவும் ஏறிவிட்டாள், அரைகுறைத் தீவுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவில்.

எடுத்துவிட்டோம் என்று அவளிடம் சொன்னேன். “ம்” என்றாள்.

ஜூலை 8

அத்தானின் செருப்பு இத்தனை நாள் வாசலிலேயே கிடந்தது. இன்று இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூலை 30

வக்கீல் யாரையாவது தெரியுமா என்று கேட்டாள். எடிட்டரின் தங்கை வக்கீல். நம்பரைக் கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

காலையில், “இன்னைக்கு லீவு போட முடியுமா?” என்றாள். போட்டேன்.

வக்கீலின் அறை மாடியில், குழாய்க் கடைக்கு மேலே. நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், விவாகரத்து மனுவுக்கு வேண்டியதை அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார் வக்கீல். பேனாவை அக்கா பக்கம் நீட்டினார். அக்கா அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

“நான் சொல்றேன், நீ எழுது. எதையும் சேர்க்காத.”

சொன்னாள். அத்தான் கிளம்பிப் போன காலை, கையில் இருந்த பை, ஒரு வாரம் என்று சொன்னது. அவர் வேலை பார்த்த இடத்துக்கு இவள் போய் நின்றது, அங்கே எல்லாருக்கும் முன்னமே விஷயம் தெரிந்திருந்தது. அவர் யாரோடு போனாரோ அந்தப் பெண்ணின் பெயர்கூட அன்றே தெரியும் என்றாள். அவர் திரும்பி வரமாட்டார் என்பதும் அந்த வருடமே தெரியும் என்றாள். எனக்கு இதெல்லாம் தெரியாது. கூடவே இருந்தேன், ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு இடத்தில் “சொல்லிக்காம போயிட்டாரு” என்றாள். கை பழக்கத்தில் வேறு நல்ல சொல்லைத் தேடியது. நிறுத்தி, அவள் சொன்னதையே எழுதினேன். மற்றொரு இடத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் தாளில் எதுவும் எழுதவில்லை. காத்திருந்தேன்.

முடித்ததும் தாளை வாங்கி, தன் கடைக்காரப் பழக்கத்தில் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தாள். ஒவ்வொரு வரியாக. கையெழுத்துப் போட்டாள்.

வக்கீல் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார், இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று.

“அக்காவைக் கேளுங்க” என்றேன்.

அக்கா போதும் என்றாள்.