தறிச்சத்தத்துக்கு நடுவில் நீ கட்டிய மேசை

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர் இன்று காலையில் ரெக்கார்டிங் அறைக்குள் போனதும், "ஏனுங்ணா, இந்தச் செவுத்துல பெருசா நாலு ஓட்டை இருக்குதே, பட்டி வெச்சு அடைச்சரட்டுங்களா?" என்று கேட்டார். "கைய வெக்காதீங்க அதுல!" என்று கத்திவிட்டேன். மனுசன் பயந்துபோய் ஏணியை விட்டே இறங்கிவிட்டார். பிறகு அவரைச் சமாதானப்படுத்தி, டீ வாங்கிக் கொடுத்து, மறுபடியும் ஏற்றிவிட வேண்டியதாயிற்று. என் மூக்குமேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது மாப்ள. நீ போய் ஒன்பது மாதம் ஆகியும் அதில் ஒரு குறையும் இல்லை.

அந்த நாலு ஓட்டையும் நீ போல்ட் போட்டு, பிறகு நீயே அதைக் கழற்றிய இடம். அந்தக் கதை உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள். கடைசியில் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். நேராக அதற்குப் போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வெண்ணந்தூரில் பாட்டு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைக்கிறேன் என்று நான் சொன்னபோது ஊரே சிரித்தது. தெருவில் எந்தப் பக்கம் காது கொடுத்தாலும் விசைத்தறி. என் அறையின் இடதுபக்கச் சுவருக்கு அந்தப் பக்கமே தறிக்கூடம். நீ மட்டும் சிரிக்கவில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் உன் பட்டறையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாய். சுவரைத் தட்டிப் பார்த்தாய். "காத்துல வர்ற சத்தத்தை அடைச்சரலாம் மாப்ள" என்றாய். கழிவு நூலை மூட்டை மூட்டையாக வாங்கி, சட்டத்துக்குள் திணித்து, துணி போர்த்திச் சுவரெல்லாம் மாட்டினோம். கதவைச் சாத்தினால் காதுக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் மைக்குக்குக் கேட்டது. தறியின் அதிர்வு தரை வழியாக மேசைக்கு ஏறி, மேசையில் மாட்டிய மைக்குக்குள் போய், பாடுகிறவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் 'டடக் டடக்' என்று உட்கார்ந்துகொண்டது. "பாட்டெல்லாம் நெம்ப நல்லாருக்குதுங்க. பின்னால ஆரோ மாவு அரைக்கறாப்பல கேக்குதுங்களே" என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் விளம்பரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த கோயில் பாட்டும் அப்படியே திரும்பியது. இன்னும் இரண்டு திரும்பினால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்ற நிலை.

"பழைய மேசை ஆடுது, அதான். நானே உனக்கொரு மேசை கட்டித் தாரேன்" என்றாய் நீ.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டு வாசலில் வெல்டிங் பொறி பறந்தது. மேசைக்குக் கால் ஆங்கிள் இரும்பு. மேலே லாரித் தளத்துக்குப் போடும் தடித்த பலகை. கீபோர்டை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் பேரிங் வைத்த தட்டு. ஒயர் எல்லாம் கண்ணில் படாமல் போவதற்கு அடியில் ஒரு தகரக் குழாய். நான் பார்த்த படத்தில் இருந்ததைவிட உன் மேசை அழகு. அளவெடுக்கும்போது என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என் முழங்கையிலிருந்து தரைவரை டேப் பிடித்தாய். "டிரைவருக்கு சீட்டு எப்படியோ, உனக்கு மேசை அப்படி" என்றாய். அதோடு விட்டாயா? பட்டறை பெயிண்டரைக் கூட்டி வந்து ஓரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட வைத்து, பாடுகிறவர் பார்க்கும் பக்கத்தில் "ஹாரன் அடிக்கவும்" என்று எழுத வைத்தாய். இப்போதும் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் பாடவே ஆரம்பிக்கிறார்கள்.

உன் தொழிலில் உனக்கு ஒரே ஒரு வேதம். "ஆடக்கூடாது. ஆடுனா வண்டி போச்சு." அதனால் மேசையைச் சுவரோடு சேர்த்து, நாலு பெரிய போல்ட் போட்டு முறுக்கினாய். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க முறுக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. யானையைக் கட்டினாலும் அசையாது என்று நானும் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தறி ஓடுகிறது என்று நம் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை.

உன்னுடைய இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். புது வண்டி பட்டறையை விட்டுப் போனால், முதல் லோடு ஏற்றி இறக்கிவிட்டு டிரைவர் உனக்குப் போன் செய்ய வேண்டும். எங்கே முனகுது, எங்கே இழுக்குது, இல்லை ஒன்றும் இல்லை, எதுவானாலும் சொல்ல வேண்டும். அந்தப் போன் வரும்வரை கைப்பேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பாய். "பாடி கட்டறது பாதி வேலை மாப்ள. அது ஓடுதுன்னு காதுல கேட்டாத்தான் மீதி" என்பாய். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் பின்னால் உன்னை அப்படிக் காக்க வைத்தேன்.

மார்கழியில் ஒருநாள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் பாடகியைக் கூட்டிக்கொண்டு வந்தார். புது மேசையில் முதல் ரெக்கார்டிங். கேட்பதற்கென்று நீ புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து மூலையில் நின்றாய். அந்தம்மா நாலு வரி பாடினார். போட்டுக் கேட்டால், அடேயப்பா! முன்பு பின்னால் யாரோ மாவு அரைத்தார்கள் என்றால், இப்போது தறிக்கூடமே பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சுவரின் அதிர்வை நாலு போல்ட்டும் அள்ளி அள்ளி மைக்குக்குக் கொடுத்தன. கமிட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன்.

"மேசை கேட்டா லாரியக் கட்டி வெச்சிருக்கறயேடா! பாடி கட்டறவன்கிட்டப் போய் ஸ்டூடியோ வேலையக் குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கோணும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்கு அந்த மட்டும் இல்லை. வெளி ஆட்கள் முன்னால், புதுச்சட்டையோடு நின்றவனைச் சொன்னேன். நீ "செரி மாப்ள" என்றாய். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். மறு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. தப்பு என்மேல் என்று எனக்குத் தெரியும், ஆனால் நீயாக வரட்டும் என்று நானும் இருந்தேன். வீம்புக்கு ஒரு மருந்தும் இல்லை.

மாசியில் ஒருநாள் நான் ஒயர் வாங்கச் சேலத்துக்குப் போயிருந்தேன். பொழுது சாய வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "உங்க சிநேகிதர் வந்துட்டுப் போனாருங்க. ரெண்டு மணி நேரம் மேசைக்கு அடியிலயே படுத்துக் கெடந்தாரு. காப்பி வேண்டாம்னுட்டாரு. ஓட்டிப் பாத்துட்டு ஒரு போன் போடச் சொன்னாருங்க."

போய்ப் பார்த்தேன். நாலு போல்ட்டையும் கழற்றியிருந்தாய். மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தியிருந்தாய். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் லாரி இன்ஜின் அதிராமல் உட்காருவதற்குப் போடும் கருப்பு ரப்பர். மைக்கைத் திறந்தேன். ஹெட்போனை மாட்டினேன். அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருக்க, என் காதில் ஒன்றுமே இல்லை. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன் மாப்ள, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போனை எடுத்தேன். உன் பெயர்வரைக்கும் வந்தேன். சத்தம் போயிற்று என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்னால் அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும். அதைப் போனில் எப்படிச் சொல்வது என்று வைத்துவிட்டேன். வைகாசியில் உங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு எப்படியும் வருவேன், கறிச்சோறு தின்றுவிட்டு நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதற்கிடையில் அந்த மேசையில் எத்தனை பாட்டு எடுத்தேன் தெரியுமா? ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கடை நின்றது உன்னால். உனக்கு மட்டும் சொல்லவில்லை.

சித்திரையில் நீ பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

போன வாரம் உன் மனைவி எங்கள் ஊருக்கு ஒரு சீர் விசேஷத்துக்கு வந்திருந்தது. அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தது. கையில் ஒரு துணிப்பை. "ஏனுங்ணா, ஒன்னு கேக்கோணும். அந்த மேசை செரியாயிருச்சுங்களா?" என்று கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் அதுவே சொன்னது: "போன் அடிச்சா ஓடிப்போய் எடுத்துப் பாப்பாருங்க. அவன் இன்னும் ஒன்னும் சொல்லலையே, அப்பச் செரியாகலையாட்ட இருக்குதுன்னு ஒரே வெசனம். இது இன்னுங்கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், நோம்பிக்கு வந்தான்னா குடுத்து உடோணும்னு வாங்கி வெச்சிருந்தாரு. உங்குளுக்குன்னு வாங்குனது, என்ற ஊட்ல எதுக்குங்க?" பையிலிருந்து நாலு புது ரப்பரை எடுத்து என் கையில் வைத்தது.

"உள்ள வா அம்மிணி" என்று கூட்டிப்போய் என் நாற்காலியில் உட்கார வைத்தேன். மைக்கைத் திறந்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

"என்ற மூச்சுதானுங்க கேக்குது."

"வேற?"

"வேற ஒன்னுமே இல்லீங்க. தறி நின்னுருச்சுங்களா?"

"செவுத்துல கைய வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தது. சுவர் கிடுகிடுவென்று அதிர்ந்தது. ஒரு கை சுவரில், ஒரு கை ஹெட்போனில். அப்படியே முகம் மாறிவிட்டது. மெல்லக் கழற்றிக் கீழே வைத்தது.

"எப்பிருந்துங்ணா இப்படி?"

"அவன் வந்து மாத்திட்டுப் போன அன்னைக்கிருந்து."

என்னையே பார்த்தது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நிம்மதியா ரெண்டு வாய் சோறு உண்டிருப்பாருங்ணா" என்றது. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டது.

அந்த வார்த்தையைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். இப்போதெல்லாம் யார் பாடி முடித்தாலும், நன்றாக இருந்தால் அவர்கள் தண்ணீர் குடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என் மனைவி சிரிக்கிறாள். பிடித்தால் பிடிக்கட்டும். உனக்குச் சொல்லாததை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வேறென்ன.

ஆனால் அது உனக்கு வர வேண்டியது. தயங்காமல் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். தப்பு என்னுது மாப்ள. சத்தம் போயிருச்சு. நீ வந்துட்டுப் போன அன்னைக்கே போயிருச்சு.