இப்போதைக்கு வராதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறென்ன வேண்டும். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறையில்லை. நீ டிக்கெட் எடுத்துவிட்டாய் என்றதிலிருந்து அம்மா உன் அறையே கதியென்று கிடக்கிறாள், ஜன்னல் கொக்கி ஆடுகிறதென்று தச்சரை வரவழைத்து அவரையும் ஒரு வழி பண்ணிவிட்டாள். எனக்கும் உன் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்க்க ஏக்கமாகத்தான் இருக்கிறது. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

தம்பி குடியை விடும் சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டான். லிஃப்ட் மாட்டும் வேலையில் அவன் கை நடுங்குவதைப் பார்த்த ஃபோர்மேன் மேலே ஏற விடாமல், டூல் பெட்டிக்குக் காவலாகக் கீழே உட்கார வைத்துவிட்டாராம். "உன்னை அள்ளிட்டுப் போய் உங்கப்பாகிட்ட குடுக்க என்னால ஆகாதுடா" என்றாராம். வீட்டுக்கு வந்தவன் "டாக்டரைப் பார்க்கலாம்ப்பா" என்றான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போன தடவை நீ வந்த மறுநாள் அவனுக்கு வியர்த்து நடுங்கியதே, பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி வைத்தாயே, அது காய்ச்சல் இல்லையாம். உனக்காகக் குடியை ஒரேயடியாக நிறுத்தியதால் வந்ததாம். அப்படித் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். நீ இருந்தவரை அவன் தங்கமாக இருந்தான், நாமும் சரியாகிவிட்டான் என்று நம்பினோம். இன்ஸ்பெக்‌ஷன் அன்று என் வகுப்பு எப்படி இருக்கும், கடைசி பெஞ்சு வரை கை கட்டி உட்கார்ந்திருக்கும், அதிகாரி வண்டி தெருமுனை திரும்பியதும் பாதிப்பேர் பெஞ்சு மேல் நிற்பார்கள். நீ ஊருக்குப் போனதும் இங்கே நடந்தது அதுதான்.

திங்கட்கிழமை சேர்க்கிறோம், சில வாரம் உள்ளேயே இருக்க வேண்டும். நீ வருவதாகச் சொன்ன நாள் அதற்கு நடுவில் விழுகிறது. நேற்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு அவனே சொன்னான், "அக்கா வந்துட்டா நான் நல்லாத்தான் இருப்பேன்ப்பா, அதான் பயமா இருக்கு. சரியாயிடுச்சுன்னு கிளம்பி வந்துடுவேன், நீங்களும் விட்டுடுவீங்க." விட்டுவிடுவோம்தான். உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் யார் எது கேட்டாலும் எங்களுக்குச் சரியென்றுதான் வாயில் வரும்.

அதனால் பயணத்தைத் தள்ளிப்போடு, கண்ணு. திங்களுக்குள் அவனிடம் பேசு. அழாதே, சத்தியம் வாங்காதே, "போய்ட்டு வாடா" என்று மட்டும் சொல். அறிவுரைக்கு இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வாத்தியார் இருக்கிறேன். அவன் திரும்பி வந்து, வேலைக்குப் போய், யாருக்குக் காட்டவும் இல்லாமல் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை குடிக்காமல் இருக்கட்டும், அப்போது வா.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். ஒன்று மறக்காதே, நீ இப்போது வரவில்லை என்பது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா