யாரும் இறங்காத நிறுத்தம்

அன்பு மகனுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பா சுகம், வீட்டில் நான்கு பூனைகளும் சுகம். பூனை ஏது என்று கேட்பாய், எல்லாம் உன் அப்பாவின் சமூக சேவைதான். சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் மீன்பிடிப் பூனைகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன, இனமே அழியப் போகிறது என்று பேப்பரில் படித்தவர் உடனே ஒரு பாதுகாப்புக் குழு ஆரம்பித்துத் தானே தலைவராகிவிட்டார். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் செயலாளர், பல் டாக்டர் பொருளாளர், பூனைக்கு மட்டும்தான் பதவி இல்லை. எச்சரிக்கைப் பலகையின் வாசகத்துக்கு ஏழு கூட்டம், எனக்கு எழுபது டீ. கடைசியில் பலகை எழுதுபவர் மீன்பிடிப் பூனையைக் கண்டதே இல்லை என்பதால் தன் வீட்டு வெள்ளைப் பூனையை வரைந்து, இந்தப் பூனையைக் காப்பாற்றுங்கள் என்று எழுதி, கீழே அப்பாவின் போன் நம்பரையும் போட்டுவிட்டார். காணாமல் போன பூனை என்று நினைத்து ஆளாளுக்கு ஒரு வெள்ளைப் பூனையைப் பிடித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்கிறார்கள். வேண்டாமென்றால் தலைவருக்குக் கௌரவக் குறைச்சலாம்.

நான் குழுவில் இல்லை, மருந்துக்கடையில் வேலை முடியவே ஆறு மணி. நான் வருகிற ஆறேகால் பஸ் அந்தச் சதுப்புச் சாலையின் குறுகல் பாலத்துக்கு வருகிற நேரம்தான் நிஜப் பூனை சாலையைக் கடந்து குளத்துக்குப் போகும், புள்ளி போட்ட உடம்பு, வீட்டுப் பூனையைப்போல் இரண்டு மடங்கு. பஸ் பாலத்தில் நின்றால் முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டியும் நகர முடியாது. ஒருநாள் மணியை அடித்தேன், பஸ் நின்றதும் நிறுத்தம் மாறிப்போச்சு என்று அசடு வழிந்தேன். மறுநாள் என்னோடு தினமும் பஸ்ஸில் வருகிற பள்ளிக்கூட ஆயா அடித்தாள், அதற்கு மறுநாள் தையல்காரி. டிரைவருக்கு எரிச்சல், தினமும் மணி அடிக்கிறீங்க, ஒருத்தரும் இறங்க மாட்டேங்கிறீங்க, என்னைப் பைத்தியக்காரன்னு நினைச்சீங்களா என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து விளக்கு வெளிச்சத்தில் அது கடந்தது. மனிதர் இன்ஜினையே அணைத்துவிட்டார். இப்போது மணி தேவையில்லை, அவரே நிறுத்துகிறார். குழுவின் ஆண்டறிக்கையில் இதுதான் முதல் சாதனை, போகட்டும்.

அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். போன வருடம் உன்னை வழியனுப்ப விமான நிலையம் வந்தேனே, விடியற்காலையில் அந்தப் பாலத்தருகே வாடகைக் காரை நீ விரட்டியபோது சக்கரத்தில் ஏதோ ஏறி இறங்கியது. கல்லும்மா என்றாய். விமானம் போய்விடுமே என்று நானும் கல்தான், நீ போ என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து அங்கே இறங்கிப் பார்த்தேன். கல் இல்லை கண்ணா. பால் கொடுக்கிற தாய். புல்லுக்குள் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது, எப்படியோ பிழைத்து வளர்ந்துவிட்டது, இப்போது கடப்பது அதுதான். உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, போ என்றவள் நான்.

எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இரு. வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அடுத்த மாதம் வரும்போது கார் எடுக்காதே, ஆறேகால் பஸ்ஸைப் பிடி. பாலத்தில் ஐந்து நிமிடம் நிற்கும், டிரைவரை அவசரப்படுத்தாதே.

உன் வரவுக்கு நாள் எண்ணும்,
அம்மா