மூன்று விரல் மீன்கொத்தி

உத்திரமேரூர்
22-10-1961

அன்பு மகன் ஐசக்குக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மலாயாவில் நீயும் மருமகளும் குழந்தை லில்லியும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் கடிதம் வந்தது, வழக்கம்போல நான்கு வரி. கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று எழுதியிருக்கிறாய், காரணம் எழுதவில்லை. சாக்குச் சொல்லாதே என்று அன்றே பதில் எழுதி உறையையும் ஒட்டிவிட்டேன். அதைத் தபாலில் சேர்க்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் உன் அப்பா வைத்த கண்ணாடி ஜன்னலில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. வாசல் தெளிக்க வந்த எல்லம்மாள் கீழே கிடந்ததை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள். சிட்டுக்குருவியைவிடச் சிறிய ஒரு மீன்கொத்தி. பவள நிறத்தில் அலகு, மஞ்சள் வயிறு, கருநீல இறக்கை, முதுகில் கத்தரிப்பூ நிறம். "இன்னாம்மா இது, கல்யாணப் பொண்ணாட்டம் பட்டு சுத்திக்கினு கீது" என்றாள். நம் ஏரியில் தினமும் பார்க்கிற மீன்கொத்தி இல்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதன் கால் விரல்களை எண்ணினேன். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மறுபடியும் எண்ணினேன். எல்லம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐசக்குத் தம்பி அன்னிக்கே சொல்லிச்சி, நீதாம்மா நம்பல" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான்.

கூடையில் வைத்திருந்து, மயக்கம் தெளிந்ததும் திறந்துவிட்டோம். பின்பக்கத்து வாய்க்காலின் மேல் சாய்ந்திருக்கும் புங்கமரத்தில் தாழ்ந்த கிளையாகப் பார்த்து நிழலில் உட்கார்ந்தது. நெடுநேரம் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு விழுந்தது போல இறங்கி ஒரு அரணைக் குட்டியைக் கவ்வி வந்து, கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து விழுங்கியது. நீ அன்று சொன்னபடியே. மீன்கொத்தி அரணை தின்னுமா என்று நான் உன்னைக் கேலி செய்தேனே. குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த வேதாசலம் வந்து பார்த்தான். அது மலைக்காட்டுப் பறவையாம், ஓடைக்கரை மண்ணைக் குடைந்து முட்டையிடுமாம், மழைக்காலத்தில் இடம் மாறும்போது இப்படி வழி தவறி வருமாம். வியாழக்கிழமை பார்த்தால் கிளை காலியாக இருந்தது.

அன்று உனக்கு ஒன்பது வயது. நீ முதல் முறையாக நன்மை வாங்கும் புதுநன்மைக்கு முந்தின வாரம். இப்படி ஒரு மீன்கொத்தியைப் பார்த்ததாக நீ வரைந்து காட்டிய படத்தில் கால் விரல்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்து நான்கு என்று எழுதினேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் எனக்குக் கொடுத்த புத்தகத்தில் பறவைக்கு நான்கு விரல் என்றுதான் இருந்தது. நீ மூன்று என்றே நின்றாய். பொய் சொன்னேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாவிட்டால் நன்மை வாங்க முடியாது என்று உன்னைக் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துப் போனேன். மூன்றாம் நாள் நீ அப்படியே சொன்னாய். எனக்குத் தெரிந்து நீ சொன்ன பொய் அது ஒன்றுதான், அதையும் சாமியார் காதில் நான்தான் சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகு பள்ளியில் நடந்ததை நீ வீட்டில் சொன்னதில்லை. கல்யாணத்தையே எட்டு மாதம் கழித்துத்தான் எழுதினாய். பிள்ளை அழுத்தக்காரன் என்று ஊரில் சொல்லித் திரிந்தேன்.

நேற்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இதைச் சொன்னேன். சாமியார் பரிகாரமாக மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். அவர் வயதில் சிறியவர், அது போதாது என்று எனக்குத் தெரிந்தது. நான் செய்தது தவறு, ஐசக். வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

ஏன் வர முடியவில்லை என்று சொல்லத் தோன்றினால் எழுது, எதுவானாலும் நம்புவேன். தோன்றாவிட்டால் நான்கு வரியே போதும். கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள். மாதா உங்கள் மூவரையும் காப்பாராக. லில்லியை ஒரு பறவை வரைந்து அனுப்பச் சொல். விரல்களை நான் எண்ண மாட்டேன்.

உன் அம்மா,
ராணியம்மாள்