கை மாறிய கட்டு

அக்கா,

மடியில் ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள் இருக்கிறது. பாலக்கரையில் வாங்கி, ஸ்ரீரங்கம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தும் உள்தாள்களில் சூடு ஆறவில்லை. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஜெராக்ஸ் கடை வாசலுக்கே போய்விட்டேன். நீங்கள் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

உங்கள் கடைக்கு நான் வரத் தொடங்கியது, என் மகள் யாழினியை மூன்றாம் வகுப்பில் பள்ளியிலிருந்து நிறுத்திய வருஷம். காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே வாந்தி எடுப்பாள். வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன் என்று துணிந்தேனே தவிர, எங்கே தொடங்குவது, யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், ஒரு வருஷம் பார்ப்போம், சரிவராவிட்டால் பள்ளிதான் என்று சொல்லியிருந்தார். இணையத்தில் அகப்பட்ட பாடங்களை எடுத்துக்கொண்டு வாராவாரம் உங்களிடம் வருவேன். யாருக்கு என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்றேன். உண்மையைச் சொல்ல வெட்கம். நீங்களும் நம்பியதுபோல் தலையாட்டினீர்கள்.

பொங்கல் கழிந்து ஒருநாள், "இதுதான்க்கா கடைசி, இனிமே வேண்டாம்" என்றேன். ஏன் என்று நீங்கள் கேட்டதும், என் மகளுக்குத்தான், தனியாக என்னால் முடியவில்லை என்று கடையிலேயே அழுதுவிட்டேன். பொய் அன்றோடு உடைந்தது. தண்ணீர் கொடுத்தீர்கள். சனிக்கிழமை வந்து கட்டை வாங்கிக்கொண்டு போங்கள், அப்புறம் முடிவு பண்ணலாம் என்றீர்கள்.

சனிக்கிழமை வாங்கிவந்து பிரித்தால், ஒன்றும் என் தாள் இல்லை. தோசையை நாலாகப் பிய்த்துப் பின்னம் சொல்லும் படங்கள், யாரோ கையால் வரைந்தவை. கட்டின் மேல்தாளில் பெயரும் போன் நம்பரும் பென்சிலில் எழுதுவது உங்கள் பழக்கம். அதில் லால்குடிப் பெண் ஒருத்தியின் நம்பர் இருந்தது. போன் போட்டால், என் கட்டு அவளிடம். அவளும் இரண்டு மகள்களை வீட்டில் படிக்கவைக்கிறாள். இந்த ஊர்ப்பக்கத்தில் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தாள். கட்டை மாற்றிக்கொள்ளப் போய் மூன்று மணி நேரம் பேசினோம். தனித்தேர்வு விவரமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எனக்குத் தமிழ் வரும், அவளுக்குக் கணக்கு. இப்போது ஐந்து குடும்பங்கள் சனிக்கிழமைதோறும் கூடுகிறோம். யாழினி சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறாள், அக்கா.

அடுத்த வாரமே வந்து உங்களைக் கடிந்துகொண்டேன். "கவனமே இல்லையேக்கா" என்றேன். "வயசாகுதுல்ல" என்று சிரித்தீர்கள்.

உங்கள் காரியத்துக்கு வந்தபோது உங்கள் வீட்டுக்காரர்தான் சொன்னார். "ஒரு நாளும் கட்ட மாத்திக் குடுத்தவ இல்லம்மா அவ. அன்னைக்கு மட்டும் ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு, மாத்திக் குடுத்தாத்தான் இந்தப் பொண்ணுங்க ரெண்டும் பேசும்னு சொன்னா." நன்றி சொல்லவேண்டிய வாயால் உங்களைத் திட்டியிருக்கிறேன்.

இன்றைக்குப் போனது உங்கள் கடைக்கு எதிரில் வந்திருக்கும் புதுக் கடை. பக்கத்தில் ஒரு பெண், கையில் இரண்டாம் வகுப்புப் பாடத் தாள்கள். யாருக்கு என்று கடைக்காரர் சும்மாதான் கேட்டார். அக்கா பையனுக்கு என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்தக் குரல் எனக்குத் தெரியும்; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று உங்களிடம் நான் சொன்ன அதே குரல். பென்சில் கேட்டு வாங்கி, என் கட்டின் மேல்தாளில் பெயரும் நம்பரும் எழுதினேன். இரண்டு கட்டும் மேசையில் அருகருகே இருந்தன.

மடியில் இருப்பது என்னுடையது இல்லை, அக்கா.

போன் அடிக்கிறது. கவனமே இல்லையா என்று கேட்பாள். வயசாகுதுல்ல என்று சொல்லப்போகிறேன்.