மாதா கோயிலில் நான் நின்ற வரிசை

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலியும் சின்னவளின் இருமலும் எப்படி இருக்கின்றன?

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ்ஸில் மாதா திருத்தலத்துக்குப் போய்வந்தோம். அங்கே என் மானம் போன கதையைக் என்னோடு வேலை பார்க்கிற நம்மூர்க் கிரேன்காரன் உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நீளமான வரிசையைப் பார்த்ததும் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு போய் நின்றேன். யாரும் பேசவில்லை, எல்லார் முகத்திலும் ஒரு தவிப்பு. என்ன பக்தி என்று உருகிப்போய், ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடித்தேன். அப்போது கிரேன்காரன் வந்து காதைக் கடித்தான்.

"அண்ணே, இது கக்கூஸ் வரிசை. மெழுகுவர்த்திய நான் பிடிச்சுக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க."

பஸ் முழுக்க ஒரே சிரிப்பு. ஆனால் அந்த வரிசையில்தான் உங்கள் ஒவ்வொருவரையும் நிதானமாக நினைத்து ஜெபித்தேன். பீடத்தின் முன்னால் அரை நிமிடம்தான் கிடைத்தது. நாம் எந்த வாசலில் நிற்கிறோம் என்று பார்த்து மாதா ஜெபம் கேட்கிறவள் இல்லை போலிருக்கிறது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய தலையணை உறையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: பெரியவள் நர்சிங் முடிக்கும்வரை இன்னும் இரண்டு வருடம் இங்கே வேலை நீடிக்கவேண்டும் என்று கேட்கச் சொல்லியிருந்தாய். முழங்காலில் நின்று வாய்விட்டு அதைத்தான் கேட்டேன். மனசுக்குள் மட்டும், "தாயே, இது உமக்குக் கேட்காமல் போகட்டும்" என்றேன்.