அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது

காதிஸ்,
11 நவம்பர் 1947

அன்புள்ள தாமியான் மாமாவுக்கு,

ஹசிந்தா எழுதுகிறேன். அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. இன்றுகூடப் புகையிலை ஆலைக்கு வேலைக்குப் போய் வந்தாள். அவள் சாகக் கிடப்பதாக உங்களுக்கு வந்த கடிதத்தில் இருப்பது அவள் கையெழுத்துதான். ஆனால் அவள் நினைத்து எழுதியதல்ல. அவள் தூங்கிய பிறகு கழிப்பறையில் மெழுகுவர்த்தி வைத்து இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது போலீஸார் இருவர் வந்தார்கள். பெரியவர் பெயர் தோன் எவரிஸ்தோ. "நாலு வரி எழுதும்மா. கண்ணை மூடறதுக்குள்ள தம்பிய ஒரு தடவை பாக்கணும்னு எழுது. அவனுக்குத்தான் அழுகைப் பாட்டுன்னா உசிராச்சே" என்றார். கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக வரும் என்றாள் அம்மா. "சாகப்போறவ எழுத்து கோணத்தானே செய்யும்" என்று சொல்லி என் தலையைத் தடவினார். எழுதாவிட்டால் என்னைச் சீர்திருத்த விடுதிக்கு அனுப்பிவிடுவார்களாம். அம்மா எழுதினாள். மை காய ஊதிக்கொண்டிருந்தவர் நடுவில் ஒரு பாட்டை முணுமுணுத்தார். நீங்கள் எழுதிப் பாடிய பாட்டு. அம்மா நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாட்டை இங்கே எல்லோரும் பாடுகிறார்கள் மாமா. வானொலியில் யாரோ ஒரு பெண் பாடுகிறாள். எழுதியவர் தெரியாத பழைய பாட்டு என்று அறிவிக்கிறார்கள். மாடிவீட்டுப் பாக்கா அக்கா துணி உலர்த்தும்போது ஓர் அடி பாடினால், கீழ்வீட்டு சார்ஜென்ட்டின் மனைவி அடுத்த அடியைப் பாடுகிறாள். உங்கள் பெயரைச் சொன்னால்தான் ஜன்னலைச் சாத்துகிறார்கள். பள்ளியில் என்னிடம், "உங்க மாமா அங்க போயி யாரையாச்சும் கட்டிக்கிட்டாரா, இல்ல யாருக்காச்சும் வாக்கப்பட்டாராடி" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

உங்கள் விலாசத்தைக் கொடுத்தது நான்தான். ஆணை நேசிக்கும் ஆண் நரகத்துக்குப் போவான், அவனுக்காகச் செபிப்பதும் பாவம் என்று கன்னியாஸ்திரி வகுப்பில் சொன்னார். நான் தினமும் உங்களுக்காகச் செபிக்கிறேன். அதைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு பாவமாகச் சொன்னேன். பங்குச்சாமி கோபிக்கவில்லை. "மாமா எங்கம்மா இருக்காரு? கடுதாசி போடுறாரா?" என்று அன்பாகக் கேட்டார். உங்களைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. தெரு, வீட்டு எண் எல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்று என்றால் நீங்கள் நீந்தியாவது வந்துவிடுவீர்கள் என்றும் சொன்னேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. பாக்கா அக்காதான் போலீஸிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி கப்பல் ஏறுவதாக நேற்று உங்கள் தந்தி வந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். தபாலையும் தந்தியையும் போலீஸார் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். பாக்கா அக்காவின் தம்பி கப்பலில் கரி அள்ளுகிறார். விடிந்ததும் அவர் கப்பல் கிளம்புகிறது. "எழுதிக் குடுடி, என்னன்னு கேக்க மாட்டேன்" என்றாள் அக்கா. அது புவனோஸ் ஐரெஸ் போய்ச் சேர இருபது நாள் ஆகும். வழியில் இரண்டு நாள் தாமதமானால் நீங்கள் புறப்பட்டிருப்பீர்கள். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போன முறை அவர்கள் அடித்ததில் உங்களுக்கு ஒரு காது போனது. இந்த முறை அதோடு விடமாட்டார்கள். வராதீர்கள் மாமா. அம்மா இறந்துவிட்டாள் என்று தந்தி வரலாம். வராதீர்கள். நான் இறந்துவிட்டேன் என்று வந்தாலும் வராதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் வராதீர்கள்.

தேவமாதா உங்களைத் தூரத்திலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உங்கள் மருமகள்,
ஹசிந்தா